பிரெஞ்சுச் சிற்றூர்கள் – 9: கோங்க், திருடி வந்த புனிதை

சென்ற இதழில் வெசலே குன்றின் மேல் நின்றிருந்தோம். மகதலா மரியாளின் எலும்புகள் தன்னிடம் இருப்பதாக அந்த மடம் சொன்னதையும், அதை நம்பி ஐரோப்பாவே குன்றேறி வந்ததையும் பார்த்தோம். ப்ரோவான்சில் இருந்த எலும்புகள் வெசலேக்கு எப்படி வந்தன என்று கேட்டவர்களுக்கு மடம் ஒரு சாக்கு வைத்திருந்தது: சரசன்களின் படையெடுப்பில் அழிந்துவிடாமல் காப்பாற்றிக் கொண்டுவந்தோம் என்றது. இந்த இதழில் போகப்போகும் ஊருக்கு அப்படிப்பட்ட சாக்குகளில் நாட்டம் இல்லை. எங்கள் புனிதையை எங்கள் துறவி ஒருவர் பத்தாண்டு திட்டம்போட்டுத் திருடினார் என்று எழுதிவைத்துக்கொண்டு, திருட்டுப்பொருள் வந்துசேர்ந்த நாளைத் திருநாளாகவும் கொண்டாடியது.

ஊரின் பெயர் கோங்க். தென் பிரான்சில் அவேரோன் மாவட்டம். ரோடேஸ் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். ஊஷ் என்ற ஓடை தூர்து ஆற்றில் சேருமிடத்துக்கு மேலே, செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலகைக்கல் கூரைகள், மரச்சட்டம் வைத்துக் கட்டிய சுவர்கள், வண்டி திரும்ப இடமில்லாத தெருக்கள். 2016இல் அரசு இந்த ஊரைப் பக்கத்து ஊர்கள் மூன்றோடு சேர்த்து ஒரே ஊராட்சியாக்கிவிட்டது. அதற்கு முன் தனி ஊராட்சியாக இருந்த கடைசி ஆண்டுகளில் இதன் மக்கள்தொகை முந்நூறைத் தொடவில்லை. இத்தனை சின்ன ஊரின் நடுவில், ஒரு மாநகரத்துக்குப் போதுமான கோயில் நிற்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில், மத்தியகால ஐரோப்பாவின் பொற்கொல்லர் வேலைப்பாடுகளில் மிகச் சிறந்த தொகுப்புகளுள் ஒன்று இருக்கிறது.

முதலில் இங்கே வந்தவர் தாதோன் என்ற தனித்துறவி. எட்டாம் நூற்றாண்டின் இறுதி. அவர் துறவியான கதையை, சார்லமேன் பேரரசனின் மகன் லூயியைப் புகழ்ந்து பாடிய எர்மோல்து என்ற கவிஞர் சொல்லியிருக்கிறார். தாதோன் போர்வீரன். அவன் வெளியே போயிருந்த நேரத்தில் மூர் படையினர் வீட்டைச் சூறையாடித் தாயைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் திரும்பி வந்து அவர்கள் கோட்டைமுன் நின்றபோது, உன் குதிரையைக் கொடு, தாயைத் தருகிறோம் என்றார்கள். வெறிபிடித்த கோபத்தில், குதிரையைத் தரமாட்டேன் என்றான். கண்ணெதிரே தாயைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதற்குப் பிறகு ஆயுதத்தைத் தொடாமல் இந்தக் காட்டுக்கு வந்துவிட்டான். இது கவிஞரின் வாக்கு. எவ்வளவு நடந்தது என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அவரைச் சுற்றிச் சிலர் கூடினார்கள், பெனடிக்டின் ஒழுங்குகளைப் பின்பற்றும் மடம் உருவானது, 819இல் லூயி அதற்குச் சாசனமும் நிலமும் வழங்கினான் என்பது வரலாறு.

நிலம் கிடைத்தது, ஆட்கள் வரவில்லை. அந்தக் காலத்து மடம் ஒன்று பிழைக்க வேண்டுமென்றால் நேர்ச்சை செலுத்த மக்கள் வரவேண்டும். மக்கள் வரவேண்டுமானால் பெயர்பெற்ற ஒரு புனிதரின் உடல் வேண்டும். கோங்கில் அப்படி எவரும் புதைக்கப்பட்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு, எளிதில் போய்வரக்கூடிய ஃபிஜாக்கில் 'புதிய கோங்க்' என்று இன்னொரு மடம் எழும்பியது. பழைய மடத்தைக் கைவிட்டுப் புதியதற்குப் போய்விடலாம் என்ற பேச்சு வந்த பிறகு மலைச்சரிவுத் துறவிகளுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு புனிதரைத் தேடிக்கொண்டாக வேண்டும்.

முதல் முயற்சி படுதோல்வி. அவுதால்து என்ற கோங்க் துறவி ஸ்பெயின்வரை போய் வேதசாட்சி வின்சென்ட்டின் உடலைக் கண்டுபிடித்துக் கிளம்பினார். வழியில் சரகோசா ஆயர் அதைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு எப்படியோ எலும்புகள் பிரான்சுக்கு வந்துசேர்ந்தன. வந்துசேர்ந்த இடம் கோங்க் அல்ல, காஸ்த்ர் மடம்.

அடுத்த குறி அஜேன் நகரம். அங்கே ஃபுவா என்ற சிறுமியின் கல்லறை இருந்தது. ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில், 303 வாக்கில், பன்னிரண்டு வயதில் கொல்லப்பட்டவள் என்பது மரபு. சிலைகளுக்குப் பலியிட மறுத்ததற்காக வெண்கலக் கம்பித்தட்டில் கிடத்தி நெருப்பு மூட்டினார்கள், பிறகு தலையை வெட்டினார்கள் என்பார்கள்.

கோங்கிலிருந்து அரினிஸ்து என்ற துறவி அஜேனுக்குப் போனார். மடத்தைச் சேர்ந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. சாதாரணக் குருவாகச் சேர்ந்து, பூசை வைத்து, சொன்ன வேலையைச் செய்து, நல்லபெயர் எடுத்தார். பத்து ஆண்டுகள். கடைசியில் கல்லறைக்கும் கோயில் பொருள்களுக்கும் அவரையே காவலராகப் போட்டார்கள். மூவரசர் திருநாளன்று மற்றவர்கள் எல்லாம் விருந்தில் இருந்தபோது கல்லறையை உடைத்து, எலும்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு இரவோடிரவாகக் கிளம்பிவிட்டார். அஜேன்காரர்கள் துரத்தினார்கள், பிடிக்க முடியவில்லை. 866ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று எலும்புகள் கோங்குக்கு வந்ததாக மடத்தின் மரபு.

இந்தக் கதை எழுத்தில் வந்தது பதினோராம் நூற்றாண்டில். சம்பவத்துக்கும் அதற்கும் இருநூறு ஆண்டு இடைவெளி. அதனால் பத்து ஆண்டுக் காத்திருப்பும் விருந்து இரவும் கதைசொல்லியின் கைவண்ணமாக இருக்கலாம். எழுதியவரின் தர்க்கம்தான் நமக்கு முக்கியம். புனிதைக்கு விருப்பமில்லாவிட்டால் அவளை யாரால் தூக்க முடியும்? தூக்கியவன் அகப்படவில்லை, வழியில் கேடு வரவில்லை, வந்த இடத்தில் புதுமைகள் நடக்கின்றன. ஆகவே அவளே இடம் மாற விரும்பியிருக்கிறாள். திருட்டு வெற்றிபெற்றதே அதற்கு நியாயமாகிவிடுகிறது. கேட்டால் சிரிப்பு வரும்; ஆனால் அந்த நூற்றாண்டுகளில் வெனிஸ் நகரம் மாற்கு நற்செய்தியாளரின் உடலை அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்தி வந்ததும் இதே தர்க்கத்தின் மேல்தான்.

எலும்பு வந்த பின்னும் கோங்க் உடனே பெரிய தலமாகிவிடவில்லை. திருப்பம் 983 வாக்கில் வந்தது. கிபேர் என்ற இளைஞனின் கண்களை, அவனை வளர்த்த குருவே பிடுங்கி எறிந்தாராம். ஓராண்டு கழித்து, ஃபுவாவின் திருநாள் இரவில் அவனுக்குப் பார்வை திரும்பியது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. பொன்னும் மணியும் குவிந்தன. குவிந்ததைக் கொண்டு துறவிகள் தங்கள் புனிதையின் திருவுருவத்தைப் புதுப்பித்து, முன்னைவிடப் பகட்டாக அலங்கரித்தார்கள்.

அந்தத் திருவுருவம் இன்றும் இருக்கிறது. உயரம் 85 சென்டிமீட்டர். உள்ளே யூ மரத்தில் செதுக்கிய முரட்டு உருவம். மேலே பொன் தகடு. அரியணையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். தலையில் கிரீடம், காதில் தொங்கல், உடலெங்கும் மரகதம், அமெதிஸ்ட், முத்து, ரோமக் காலத்துச் செதுக்கு மணிகள். முதுகுப்பக்கக் குழியில் திருப்பண்டம். பக்தர்கள் கொடுத்த நகைகளை நூற்றாண்டு நூற்றாண்டாக அவள் மேலேயே பதித்துக்கொண்டு போனார்கள். கைகள் பதினாறாம் நூற்றாண்டில் மாற்றியவை.

முகம்தான் விசேஷம். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முகமாக அது இல்லை. அகன்ற தாடை, அசையாத பெரிய கண்கள், சற்றே மேல்நோக்கிய பார்வை. தலை மட்டும் மற்றப் பகுதிகளைவிடப் பல நூற்றாண்டு பழையது. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பொன் வேலை. ஒரு பேரரசனின் தலையாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால், ஒரு ரோமப் பேரரசனின் ஆணையால் தலை வெட்டப்பட்ட சிறுமிக்கு இன்னொரு ரோமப் பேரரசனின் தலையை வைத்திருக்கிறார்கள். பழைய ரோமத் தங்கம் கைக்கு வந்தது, பளபளத்தது, வைத்தார்கள். உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1013இல் ஆன்ஜே நகரத்துப் பள்ளி ஆசிரியர் பெர்னார் இந்தப் பக்கம் வந்தார். ஷார்த்ர் ஆயர் ஃபுல்பெர்ரிடம் படித்தவர், வடக்கத்தியர், படிப்பின் மிதப்பு உள்ளவர். வடக்கே சிலுவைப்பாடு தவிர முப்பரிமாணச் சிலை வைத்து வணங்கும் வழக்கம் இல்லை. வழியில் ஓரியாக் ஊரில் புனித ஜெராவின் பொற்சிலையைப் பார்த்தார். சனங்கள் அதன்முன் விழுந்து கும்பிடுகிறார்கள். பக்கத்தில் நின்ற நண்பரிடம், இந்தச் சிலையைக் கொடுத்தால் ஜூப்பிட்டரும் செவ்வாய்த் தேவனும் வேண்டாம் என்றா சொல்வார்கள் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே கேட்டார். சுற்றியிருந்தவர்களுக்குப் புரிந்துவிடக்கூடாது என்று இலத்தீனில் கேட்டார்!

மூன்றாம் நாள் கோங்க். கூட்டநெரிசலில் ஃபுவாவின் முன் நின்றபோதும் அதே ஏளனம்தான். பிறகு உள்ளூரில் ஒரு கதை கேட்டார்: இந்தச் சிலையை இழிவாகப் பேசிய ஒருவரின் கனவில் புனிதை வந்து கோலால் விளாசினாள்; கதையைச் சொல்லும் அளவுக்கு உயிரோடிருந்து மறுநாள் செத்துப்போனார். பார்வை திரும்பிய கிபேரை நேரில் விசாரித்தார். ஆசிரியரின் மனம் மாறியது. அதற்குப்பின் இன்னும் இருமுறை வந்து, கேட்ட புதுமைகளையெல்லாம் தொகுத்தார். அந்த நூல்தான் ஆயிரமாம் ஆண்டையொட்டிய தென்பிரான்சுக் கிராமத்து வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சுவையான ஆவணங்களில் ஒன்று. பெர்னார் மனம் மாறியதைவிட, அவர் எழுதும்போது தன் பழைய ஏளனத்தை மறைக்காமல் விட்டுவைத்ததற்காகவே நான் அவரை நம்புகிறேன்.

அவர் காட்டும் ஃபுவா சாந்தமான புனிதை அல்ல. சின்னப் பெண், பிடிவாதக்காரி, நகை என்றால் உயிர். துலூஸ் கோமகனின் மனைவி அர்சேந்தின் கனவில் போய் நின்று, உன் பொன் கங்கணங்களைக் கொடு என்கிறாள். அவள் பதிலுக்கு ஆண்பிள்ளை கேட்கிறாள், பேரம் முடிகிறது. இன்னொரு கதையில், சாகும் தறுவாயில் ஒருத்தி தன் மோதிரத்தை ஃபுவாவுக்கு நேர்ந்துகொள்கிறாள். கணவன் அதைக் கொடுக்காமல், மறுமணத்தில் புது மனைவிக்குப் போட்டுவிடுகிறான். அவள் விரல் வீங்கிப் புண்ணாகி, வலி தாங்காமல் கோங்குக்கு ஓடிவந்த பிறகே மோதிரம் தானாகத் தெறித்து விழுகிறது. செத்த கோவேறு கழுதையை எழுப்பிக்கொடுக்கிறாள். இந்தக் கூத்துகளை ஃபுவாவின் விளையாட்டுகள் என்றே ஊரார் சொன்னார்களாம்.

கூத்துக்கு நடுவே காலத்தின் நிஜமும் இருக்கிறது. அரசன் கை தளர்ந்த நாள்கள் அவை. ஒவ்வொரு பாறைமேலும் ஒரு கோட்டை, ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு சிறு பிரபு, அவன் நிலவறையில் மீட்புத்தொகைக்காக அடைத்துவைத்த மனிதர்கள். தப்பி வந்தவர்கள் தங்கள் விலங்குகளை ஃபுவாவின் காலடியில் கொண்டுவந்து போட்டார்கள். இரும்பு மலையாகக் குவிந்ததால் கொல்லரை அழைத்துக் கதவுகளும் கம்பித்தடுப்புகளும் அடிக்கச் செய்தார்கள் என்று பெர்னார் எழுதியிருக்கிறார். யாராவது பிரபு மடத்து நிலத்தை வளைத்துப்போட்டால் துறவிகள் வழக்காடிக்கொண்டிருக்கவில்லை; பொற்சிலையைத் தூக்கிக்கொண்டு, கொம்பும் கைத்தாளமும் முழங்க அந்த நிலத்துக்கே பவனி போனார்கள். நிலத்துச் சொந்தக்காரி நேரில் வந்திருக்கிறாள். இனி உன் பாடு. திருடி வந்தவர்கள் திருட்டைத் தடுக்க வைத்திருந்த ஏற்பாடு இது.

குடியானவர்களைப் பற்றி ஒரு சம்பவம். திருநாள் இரவில் கோயிலுக்குள் கண்விழிக்கும் நாட்டுப்புறத்தார் சங்கீதம் தெரியாமல் கொச்சைப் பாட்டுகளைப் பாடிச் சத்தம் போடுகிறார்கள் என்று துறவிகளுக்கு எரிச்சல். ஓர் இரவு கதவைப் பூட்டிவிட்டார்கள். காலையில் பார்த்தால் கதவுகள் தாமாகத் திறந்து, கோயில் நிறைய சனம். அதோடு துறவிகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் மடாதிபதி ஓதோல்ரிக் பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கினார். காரணம் பக்தி மட்டுமல்ல, போக்குவரத்து. ஸ்பெயினின் மேற்குமூலையில் இருக்கும் சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகும் யாத்திரிகர்கள் ல புய் நகரத்திலிருந்து இந்த வழியாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யாத்திரை வழிகாட்டி நூல் கோங்கைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. கோயில் வாசலில் அருமையான நீரூற்று இருப்பதையும் மறக்காமல் சொல்கிறது. நடந்து வந்தவனுக்கு அதுதானே முதல் தேவை. ஊற்று இன்றும் இருக்கிறது.

கோயில் அமைப்பும் கூட்டத்தை மனத்தில் வைத்துப் போட்டது. பக்கவழியாக நுழைந்து, பலிபீடத்தைப் பின்புறமாகச் சுற்றி, திருப்பண்டத்தைத் தரிசித்து, மறுபக்கமாக வெளியேறலாம். நடுவில் துறவிகளின் செபம் கெடாது. மலைச்சரிவு நீளத்துக்கு இடம் தரவில்லை. அதனால் கட்டியவர்கள் மேலே போனார்கள்: நடுக்கூடத்தின் வளைகூரை 22 மீட்டர் உயரம். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல், செம்மணற்கல், சாம்பல்நிறப் பலகைக்கல் என்று மூன்று கற்களின் நிறமும் கலந்திருப்பதைச் சுவரில் பார்க்கலாம். வேலையைப் பெரும்பாலும் முடித்து, புதையலறையைப் புதிய பேழைகளால் நிரப்பியவர் மடாதிபதி பெகோன். 1107வரை பொறுப்பிலிருந்தார். ஆங்கில எழுத்து 'ஏ' வடிவில் ஒரு பேழை இருக்கிறது. சார்லமேன் தன் மடங்களுக்கு வரிசையாக எழுத்துகளைக் கொடுத்தபோது முதலெழுத்தைக் கோங்குக்குத் தந்தான் என்று ஊர் பெருமை பேசும். பேழையிலேயே பெகோனின் பெயர் பொறித்திருக்கிறது. பேரரசன் செத்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்குப் பிந்திய பொருள் என்பதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

மேற்கு வாசலுக்கு மேலே உள்ள அரைவட்டச் சிற்பத்தைப் பார்க்காமல் கோங்கை விட்டு யாரும் நகர்வதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. அகலம் ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் மூன்றரை மீட்டருக்கு மேல். 124 உருவங்கள். பொருள் பொதுத்தீர்வை. நீலமும் சிவப்பும் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் முழுக்க வண்ணம் பூசியிருந்தார்கள்.

நடுவில் தீர்ப்பிடும் கிறிஸ்து. வலக்கை மேலே, இடக்கை கீழே. அவருக்கு வலப்பக்கம் மோட்சம் போகிறவர்களின் வரிசை: மாதா, திறவுகோலோடு இராயப்பர், பின்னால் தனித்துறவி, மடாதிபதி. மடாதிபதி ஒரு முடிமன்னனைக் கைப்பிடித்து இழுத்துவருகிறார். சார்லமேன்! ஐரோப்பாவையே ஆண்டவன் இங்கே கூனிக் குறுகி, தயங்கித் தயங்கி வருகிறான். அவன் பாவங்களின் தட்டு கனமானது. கோங்க் மடத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பின்னால் ஆட்கள் தூக்கிவருவதுதான் அவனுக்கு ஒரே சிபாரிசு. நன்கொடையாளர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? சற்றுக் கீழே, வளைவுகளுக்குள் ஃபுவா மண்டியிட்டிருக்கிறாள். மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கை அவள் தலையைத் தொடுகிறது. அவளுக்குப் பின்னே உத்தரத்திலிருந்து கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன. பெர்னார் எழுத்தில் வைத்ததைச் சிற்பி கல்லில் வைத்துவிட்டார்.

மிக்கேல் சம்மனசு ஆன்மாக்களை நிறுக்கிறார். எதிரே நிற்கும் பேய் தராசுத்தட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறது. அந்தப் பேயின் இளிப்பைச் சந்தையில் எடை போடும் எவர் முகத்திலோ பார்த்துவிட்டுத்தான் செதுக்கியிருக்க வேண்டும்.

நரகப்பகுதியில் சிற்பி தன் விருப்பம்போல் விளையாடியிருக்கிறார். குதிரையோடு தலைகுப்புற விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன், ஒரே கயிற்றில் கழுத்துகள் பிணைக்கப்பட்ட சோரக்காதலர்கள், நாக்கு பிடுங்கப்படும் பொய்யன். கள்ள நாணயம் அடித்தவன் வாயில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். முயல் முகமுள்ள பேய் ஒன்று மனிதனைக் கழியில் கோத்து வாட்டுகிறது. மடத்துக் காட்டில் திருட்டு வேட்டை ஆடியவன் அவன் என்பார்கள். அம்மணமான ஓர் அரசனும், வலையில் அள்ளப்பட்ட திருச்சபைப் பெரியவர்களும் தப்பவில்லை. குதிரைவீரன் யார் என்று சிற்பியைக் கேட்க வேண்டியதில்லை. மடத்து நிலத்தில் கைவைத்த அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது தங்களையே பார்த்திருப்பார்கள். திருடர்களுக்கு இத்தனை தண்டனை செதுக்கிய வாசல், திருடி வந்த எலும்புகளை வைத்த கோயிலுக்குத்தான் திறக்கிறது. இந்த முரண் கோங்க்காரர் எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அரைவட்டத்தின் விளிம்பில், கல்நாடா ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சின்னஞ்சிறு முகங்கள் வரிசையாக எட்டிப்பார்க்கின்றன. கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். என்னைக் கேட்டால் மொத்தச் சிற்பத்திலும் சிறந்த வேலை அதுதான்.

புகழ் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி உண்டு. நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட்டும் அவர் மனைவி சிபிலாவும் ரோமிலிருந்து திரும்பும் வழியில் தென்பிரான்சில் கொள்ளையரிடம் சிக்கினார்கள். ஃபுவாவை வேண்டி விடுபட்டதாக நம்பி, கோங்குக்கு வந்து விலங்குகளைச் செலுத்தினார்கள். ஊர் திரும்பியதும் 1105இல் கோங்கின் கிளைமடம் ஒன்றை நிறுவினார்கள். இந்தக் கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த மடத்துச் சுவரில் தீட்டினார்கள்; ஓவியம் இன்றும் இருக்கிறது.

பிறகு இறங்குமுகம். யாத்திரை குறைந்தது, கொள்ளைநோயும் போரும் வந்தன, மடம் தளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டு மதப்போர்களில் கோயிலுக்குத் தீவைத்தார்கள். பலிபீடத்தைச் சுற்றிய தூண்கள் வெடித்தன, இடைவெளிகளில் சுவர் எழுப்பி முட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சுவருக்குள் என்ன போனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

புரட்சி வந்தது. 1789 நவம்பரில் திருச்சபைச் சொத்து நாட்டுடைமை. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் கோயில் பொன்வெள்ளி பெரும்பகுதி நாணயச்சாலை உலைக்குப் போயிற்று. கோங்கின் நகைப்பேழைகளுக்கும் ஆள் வர இருந்தது. வருவதற்கு முன், ஓர் இரவில் ஊரார் கோயிலுக்குள் புகுந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டார்கள் என்பது ஊர்மரபு. சிலது தோட்டத்தில் புதைந்தது, சிலது புகைபோக்கிக்குள் ஏறியது, சிலது செஸ்நட் கொட்டை உலர்த்தும் குடில்களில் கொட்டைகளுக்கு அடியில் போனது. இந்த மலைநாட்டில் ஏழையின் ரொட்டி செஸ்நட்தான்; எந்த அதிகாரியும் அதைக் கிளறிப் பார்க்கமாட்டான். அதிகாரிகள் கேட்டபோது, களவு போய்விட்டது என்றார்கள். ஆபத்து நீங்கியதும் அவரவர் எடுத்ததை அவரவர் கொண்டுவந்து வைத்தார்கள்.

வைத்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. செஸ்நட் தின்று பிழைத்த வீடுகள் அவை. ஒரு மரகதத்தைப் பெயர்த்து விற்றிருந்தால் ஒரு குடும்பம் தலைமுறைக்கும் சாப்பிட்டிருக்கும். பெரிய மடங்களுக்கெல்லாம் வாய்க்காத காவல் இது. ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகிலேயே பெரிய கோயிலை வைத்திருந்த க்ளூனி, கல் கல்லாக ஏலத்தில் போனது. அதைத் தன்னுடையது என்று நினைத்தவர்கள் அங்கே துறவிகள் மட்டும்தான். கோங்கில் ஃபுவா ஊர்ப்பெண். அவள் நகை அவள் நகை.

அதற்காக ஊராரைப் புனிதர்களாக்கிவிட வேண்டாம். அதே மக்கள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தின் தூண்மண்டபத்தைப் பிரித்துக் கற்களை வீடுகட்டக் கொண்டுபோனவர்கள். இன்று அந்த மண்டபத்தில் சில வளைவுகளும் சில தூண்தலைகளும்தான் மிச்சம். தூண்தலை ஒன்றில், வேலை செய்துகொண்டே ஒரு மதிலுக்கு மேலிருந்து நம்மைப் பார்க்கிறார்கள் கொத்தனார்கள்.

1837இல் ப்ராஸ்பெர் மெரிமே வந்தார். பின்னாளில் 'கார்மென்' எழுதிய அதே மெரிமே. அப்போது வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர். குதிரையிலும் வண்டியிலும் நாடு முழுக்க அலைந்து, இடியப்போகும் கட்டடங்களுக்குப் பட்டியல் போடுவது அவர் வேலை. இப்படிப்பட்ட வனாந்தரத்தில் இத்தனை செல்வத்தை எதிர்பார்க்கவே இல்லை என்று திகைத்து அறிக்கை எழுதினார். 1840இல் வெளியான முதல் பாதுகாப்புப் பட்டியலிலேயே கோங்க் கோயில் இடம்பெற்றது. பணம் வந்தது, தச்சர்களும் கொத்தர்களும் வந்தார்கள். இன்று படங்களில் பார்க்கும் முகப்புக் கோபுரங்கள் இரண்டும் 1880களில் கட்டடக் கலைஞர் ஃபோர்மிஜே எழுப்பியவை. அவற்றைப் பார்த்து மத்தியகாலப் பெருமூச்சு விடுவோர் தவறான இடத்தில் விடுகிறார்கள்.

1873இல் ரோடேஸ் ஆயர், வெள்ளை அங்கி அணியும் பிரெமோந்த்ரே சபைத் துறவிகளை இங்கே குடியேற்றினார். இன்றும் கோயிலைக் கவனிப்பவர்கள் அவர்களே. இரண்டாண்டு கழித்து, மதப்போர்க் காலத்தில் தூண்களுக்கிடையே எழுப்பிய அந்த முட்டுச்சுவரைப் பெயர்த்தபோது உள்ளே ஒரு தோல்பெட்டி அகப்பட்டது. எனாமல் வட்டுகள் பதித்த பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை, உள்ளே எலும்புகள். பொற்சிலையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எலும்புகளை யாரோ கல்லுக்குள் வைத்துப் பூசியிருக்கிறார்கள். பூசியவர்கள் சொல்லாமலே செத்துப்போனார்கள். ஒளித்துவைப்பது இந்த ஊருக்குப் புரட்சியில் கற்ற பாடம் அல்ல, பழைய பழக்கம் என்று அன்று தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டுக்கு ஒரே ஒரு செய்தி போதும். ரோடேஸில் 1919இல் பிறந்த பியேர் சூலாஜ், பள்ளிப்பிள்ளையாக இந்தக் கோயிலுக்குள் நின்றபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று முடிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார். கருப்பு நிறத்தையே வாழ்நாள் முழுக்கத் தீட்டி உலகப்புகழ் பெற்றவர். அவரிடம் 1980களில் அரசு கோங்கின் சன்னல்களை ஒப்படைத்தது. அதுவரை இருந்தவை புனிதர் படங்கள் போட்ட வண்ணக்கண்ணாடிகள். சூலாஜ் வண்ணத்தையும் உருவத்தையும் தூக்கிவிட்டார். வெளிச்சத்தை உள்ளே விட்டு, ஆனால் வெளியே இருப்பதைக் காட்டாத நிறமற்ற கண்ணாடி வேண்டும் என்றார். அப்படியொன்று சந்தையில் இல்லை. துலூஸைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் ழான்-தொமினிக் ஃப்ளரியோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, கண்ணாடியையே புதிதாக உருவாக்கினார். 1994இல் 104 திறப்புகளிலும் அது பொருத்தப்பட்டது. கண்ணாடியின் குறுக்கே சாய்ந்தோடும் ஈயக்கோடுகளைத் தவிர வேறு அலங்காரம் இல்லை. காலையில் நீலச்சாயலும் மாலையில் வெதுவெதுப்பான செம்மஞ்சளுமாகச் சுவரின் மூன்று கற்களும் நிறம் மாறுகின்றன.

ஊருக்கு முதலில் பிடிக்கவில்லை. எங்கள் புனிதர்கள் எங்கே என்று கேட்டார்கள். இப்படிக் கேட்பது கோங்குக்குப் புதிதா என்ன? 1998இல் சந்தியாகோ யாத்திரைப் பாதைகளின் பகுதியாகக் கோயிலும், தூர்து ஆற்றின் மேலுள்ள பழைய பாலமும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நடப்பவர்கள் மறுபடி பெருகினார்கள். அஜேன்காரர்கள் எலும்புகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தப் பாலத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறும் பாதை ஃபிஜாக், காவோர் வழியாக முவாசாக் போகிறது. அங்கே 1100இல் கட்டிய தூண்மண்டபம், பிரான்சிலேயே அழகானது என்று பெயரெடுத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ரயில்பாதையின் வழியில் குறுக்கே நின்றது. பாதை வளைந்ததா, மண்டபம் இடிந்ததா? அடுத்த இதழில்.

(தொடரும்)